ஆற்றைப் பார்த்து விட்ட குரவை

கமீலாவின் தொண்டைக்குள் குரவை வந்து குந்தியது ஒரு மார்கழிக் காலையில். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி, "உம்மா..." என்றாள். திரும்பிப் பார்த்த சல்மா உம்மாவுக்கு அந்த ஒரு பார்வையிலேயே விசயம் விளங்கிவிட்டது. ஓடி வந்தவர் மகளைக் கட்டிப்பிடிக்கவுமில்லை, கொஞ்சவுமில்லை. பேணியைத் திறந்து பெரிய கற்கண்டுக் கட்டியொன்றை எடுத்து அவள் வாய்க்குள் திணித்தார்.

"கடிச்சிராத. உமிஞ்சிக்கிட்டு இரி. வாயத் துறந்தியோ, வாழ்க்கை போயிரும்."

வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன. கல்முனைக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாக நீண்டு கிடக்கிற அந்த ஊர்களில் கலியாணமென்றாலும் சுன்னத்தென்றாலும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை விடுவார்கள். அது எல்லாருக்கும் உள்ள குரவை. சல்மா உம்மாவின் குடியில் மட்டும் இன்னொன்று இருந்தது. தாய்வழியாக இறங்கி வருகிற அந்தக் குடியில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால், அன்றைக்கே அவள் தொண்டையில் முதல் குரவை வந்து உட்காரும். ஒரே ஒரு தரம்தான் அது வெளியில் வரும். வரும்போது அவள் கண் எதன்மேல் இருக்கிறதோ, அது அவளுக்கு ஆயுசு முழுக்கச் சொல்லுக் கேட்கும். கல்லென்றாலும் கேட்கும், காற்றென்றாலும் கேட்கும்.

அதை வீணாக்கக் கூடாதென்றுதான் அந்தக் குடியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அங்கெல்லாம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடில்லாத குமருக்கு மாப்பிள்ளையும் இல்லை. ஆகவே பெரியபிள்ளையானவளை மூலைக்குள் இருத்தி, வாய்க்குக் கற்கண்டு கொடுத்து, தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் வரை காப்பார்கள். அன்றைக்குத் தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் போர்வையால் மூடி, கையைப் பிடித்து அவளுக்கென்று எழுதிய காணிக்குக் கூட்டிப்போய், அங்கே வைத்துப் போர்வையை நீக்குவார்கள். அவள் கண் முதலில் காண்பது அந்த மண்ணாக இருக்க வேண்டும். குரவை விழுந்த மண்ணில் எழும்பும் வீட்டைக் கறையானும் தின்னாது, காற்றும் அசைக்காது.

அத்தாட்சி வேண்டுமா? சூறாவளி அடித்த வருசம் கரையோரத்தில் நின்ற தென்னைகளெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கிடந்தன. பள்ளிவாசல் தகரம் வயலுக்குள் போய் விழுந்தது. சல்மா உம்மாவின் வீட்டில் ஓர் ஓடு கூட விலகவில்லை! விடிந்ததும் அவருடைய புருசன் ஆதம்பாவா கூரையில் ஏறி நின்று கரைவலைக் கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்ததைச் சிலபேர் கண்டார்கள்தான். அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? குரவை விழுந்த வீடு நிற்காமல் என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள்.

குரவை பிசகினால் என்ன நடக்குமென்பதற்கும் அதே வீட்டில் அத்தாட்சி இருந்தது. சல்மா உம்மாவின் தங்கை முனவ்வறா சாச்சி. அவரைக் காணிக்குக் கூட்டிப்போகிற வழியில் போர்வை வேலிமுள்ளில் கொழுவி விலகிவிட்டது. எதிரே நின்றது ஓர் ஆடு. அவ்வளவுதான், குரவை ஆட்டின்மேல் விழுந்துவிட்டது. அந்த ஆடு சாகும்வரை சாச்சி சொன்ன சொல் தட்டவில்லை. இரு என்றால் இருக்கும், வா என்றால் வரும். ஆனால் ஆடு வீடாகுமா? பேசி வந்த மாப்பிள்ளை வேறு வாசலுக்குப் போனார். சாச்சி இன்னும் தாத்தா என்று அவர் கூப்பிடுகிற அக்காவின் வீட்டில், குசினிக்குப் பக்கத்து அறையில்தான் படுக்கிறார்.

இதெல்லாம் கமீலாவுக்குத் தெரியும். கடற்கரைப் பாதையோரம் அவளுக்கென்று எழுதிய காணியில், ஈர்க்கிலால் மணலில் கோடு கீறி வீடு கட்டி விளையாடியவள் அவள். எந்தச் சுவரில் ஜன்னல் வரவேண்டும், எந்த மூலையில் கிணறு என்பதெல்லாம் மனதிலே முடிந்த காரியம். ஆனால் மூலைக்குள் பாயில் இருந்து தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தபோது அவளுக்குப் பயமாகிவிட்டது. உள்ளே ஏதோ உயிரோடு இருந்தது. மூச்சு விடும்போது அதுவும் மூச்சு விட்டது. நேற்றுவரை தேங்காய்ப் பூவுக்குத் தம்பியோடு சண்டை பிடித்த இந்தச் சின்னத் தொண்டைக்குள் இவ்வளவு பெரிய ஒன்று எப்படி வந்ததென்று அவளுக்கு விளங்கவேயில்லை.

மழை விடவில்லை. கிணறெல்லாம் பொங்கிக் கலங்கிவிட்டன. சூறாவளிக்குப் பிறகு கிடுகுக் குடிசையில் காலம் தள்ளியவர்களின் அடுப்புக்குள் தண்ணீர் ஏறியது. பிள்ளைகளைக் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு இருத்தினார்கள். வயல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வெள்ளக்காடு.

ஆதம்பாவா வட்டைவிதானை. வட்டை என்கிற அந்தப் பக்கத்து வயல்வெளிக்குத் தண்ணீர் திறப்பதும் வடிப்பதும் அவர் பொறுப்பு. மாரியில் வெள்ளம் வடிய வேண்டுமானால், ஆறு கடலில் விழுகிற இடத்தில் கடல் குவித்து வைத்திருக்கும் மணல்மேட்டை வெட்ட வேண்டும். வருசா வருசம் ஊரே திரண்டு வெட்டும். இந்த வருசம் அது வெட்டுப்படவில்லை.

மறுநாள் விடியக்காலையில் தொப்பலாக நனைந்து வந்தவரோடு காரைதீவு வேலப்போடியும் வந்தார். இரண்டு பேருக்கும் வயல் ஒரே வாய்க்காலில். மூலைக்குள் இருந்த கமீலாவுக்கு அவர்கள் கதைத்தது அத்தனையும் கேட்டது.

"உள்ளுக்கு வாங்க போடியார், நனையாதீங்க."

"இனி நனையிறதுக்கு என்ன கிடக்கு விதானையார்?" வேலப்போடியின் குரல் உடைந்திருந்தது. "வெட்ட வெட்டக் கடல் மண்ணக் கொண்டந்து மூடுது. ஆறெண்டா செத்த பாம்பு மாதிரிக் கிடக்கு, ஒரு அசைவில்ல. பயிர் குடலைப் பருவம், கதிர் இன்னும் வெளிய வரல்ல. இண்டைக்குத் தண்ணி வடியாட்டி வேர் அழுகிரும். சூறாவளியோட ஒரு போகம் போச்சி, பேந்து பூச்சி திண்டுது. இதுவும் போனா, பொஞ்சாதி புள்ளையளோட அந்த ஆத்துக்குள்ளயே இறங்க வேண்டியதுதான்."

"வாயக் கழுவுங்க போடியார்! என்ன கதை கதைக்கீங்க."

சொன்னாரே தவிர, ஆதம்பாவாவின் குரலிலும் தெம்பில்லை. சற்று நேரத்தில் அவர் மூலையறை வாசலுக்கு வந்து நின்றார். மண்வெட்டி பிடித்த உள்ளங்கை இரண்டும் வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. மகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எங்கிருந்துதான் வந்தாரோ, சல்மா உம்மா குறுக்கே வந்து நின்றார்.

"கேக்கப்படாது."

"நான் ஒண்டும் கேக்கல்லியே சல்மா."

"கேக்கவும் படாது, இஞ்ச நிண்டு பாக்கவும் படாது. புள்ளைக்கு இரிக்கிறது ஒண்டே ஒண்டு. போங்க."

போய்விட்டார். வட்டையில் வயல் வைத்திருக்கிற அத்தனை போடிமாரும் ஆதம்பாவா சொன்னால் கேட்பார்கள், ஆதம்பாவா சல்மா சொன்னால் கேட்பார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். சல்மா உம்மா தும்மினால் விதானையாருக்குத் தடிமன் பிடிக்குமென்று ஊரில் ஒரு பகிடியே இருந்தது.

கமீலா கற்கண்டை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து இருந்தாள். வாப்பாவின் உள்ளங்கை கண்ணுக்குள்ளேயே நின்றது. தன் வீட்டின் ஜன்னலை நினைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளம் நின்றது.

உச்சிப்பொழுதுக்கு வேலிப்பக்கம் யாரோ கூப்பாடு போட்டுக்கொண்டு ஓடினார்கள். விசாரிக்கப் போன முனவ்வறா சாச்சி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு வந்தார்.

"தாத்தோவ்! வெட்டின கரை சரிஞ்சி மச்சான் இடுப்பளவு மண்ணுக்குள்ள போயிட்டாராம்! போடியார்தான் இழுத்து எடுத்ததாம். எடுத்த கையோட திரும்பவும் பள்ளத்துக்குள்ள இறங்கிட்டாராம்!"

"என்ட றப்பே!" என்று சல்மா உம்மா வாசலுக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்துக் கமீலா எழும்பினாள்.

பின்கதவில் சாச்சி நின்றார். மறிப்பார் என்றுதான் கமீலா நினைத்தாள். சாச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த வெள்ளைப் போர்வையை எடுத்துத் தலையோடு மூடி, கண்ணுக்கு நேரே நன்றாக இழுத்துவிட்டார்.

"நிலத்தப் பாத்து நட. ஆடு மாடு நிண்டா கண்ண மூடிக்க, கிளி" என்றார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

கமீலா தன் பெருவிரல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பாதையில் முழங்காலளவு தண்ணீர். ஒவ்வோர் எட்டுக்கும் தொண்டைக்குள் இருந்தது புரண்டது. கடற்கரைப் பாதை திரும்புமிடத்தில் கால் தானாக நின்றது. போர்வைக்குள்ளிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது தன் காணி. இந்த மண் அவள் பாதத்துக்குப் பழக்கம்.

"கமீலா!" பின்னால் சல்மா உம்மா மூச்சிரைக்க ஓடி வந்து கையைப் பிடித்தார். எங்கே போகிறாளென்று கேட்கவில்லை, அது அவருக்குத் தெரியும். "போகாத மகள். போறதுதான் எண்டா இஞ்ச விட்டுட்டுப் போ. போர்வைய நீக்குறன், உன்ட மண்ணப் பாரு, விட்டிரு. பேந்து எங்கயெண்டாலும் போ. சாச்சியப் பாத்தாய்தானே? அவள்ட கண்ணீரப் பாத்தாய்தானே?"

சொல்லிக்கொண்டே போர்வையின் நுனியைத் தூக்கினார். கமீலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். குரவை பல்லில் வந்து முட்டியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கண்ணைத் திறந்தால் எல்லாம் கிடைத்துவிடும். சுவர், ஜன்னல், கிணறு, மாப்பிள்ளை, மானம். வாய்விட்டு ஒரு சொல் சொல்ல ஏலாது. உம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒருதரம் வைத்து அழுத்தினாள். பிறகு அதை மெல்ல விலக்கிவிட்டு, தடவித் தடவி ஆற்றுவாய்ப் பக்கம் நடந்தாள். சல்மா உம்மா அழுதுகொண்டே பின்னால் போனார். இழுத்து நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

ஆற்றுவாயில் இரண்டு ஊர் ஆண்களும் நின்றார்கள். பெரியபிள்ளையாகித் தலைக்குத் தண்ணீர் வார்க்காத பிள்ளை, ஆற்றங்கரையில், அதுவும் ஆண்கள் முன்னால்! சிலர் முகத்தைத் திருப்பினார்கள், சிலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்கள். மண்வெட்டிச் சத்தம் நின்றது. பள்ளத்துக்குள் நெஞ்சளவு தண்ணீரில் நின்ற ஆதம்பாவா மட்டும், "மகள்!" என்று ஒரு சொல் சொன்னார்.

கமீலா மிச்சக் கற்கண்டை விழுங்கினாள். எதைப் பார்ப்பது? மணல் சொல்லுக் கேட்டு விலகினாலும், கடல் வேறு மணலைக் கொண்டுவந்து கொட்டும். கடலைப் பார்க்கவோ அவளுக்கு நெஞ்சு துணியவில்லை, கடலுக்கு எசமான் அல்லாஹ் ஒருவன்தான். ஆறு அப்படியில்லை. அவள் தின்ற சோற்றிலெல்லாம் அதன் தண்ணீர் இருந்தது. போர்வையை உதறிவிட்டு, பழுப்பேறி அசையாமல் கிடந்த ஆற்றைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

முதலில் எல்லாப் பெண்களும் விடுகிற குரவைபோலத்தான், மெல்லியதாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்கு மூச்சு முடிகிற இடத்தில் அவளுக்கு மூச்சு முடியவில்லை. சத்தம் ஏறியது. அவளுக்குப் பின்னால் இருந்த பெண்கள், உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா, பெயர் தெரியாத அத்தனை உம்மாமாரும் அந்த ஒரு தொண்டை வழியாக வந்தார்கள். பெய்த மழை பெய்த இடத்திலேயே நின்று நடுங்கியது. துளிகள் தொங்கின, ஒன்றும் விழவில்லை. கடலின் இரைச்சல் அடங்கியது. மண்வெட்டிகள் பிடித்த கைகளில் அதிர்ந்தன.

ஆறு எழும்பியது.

ஆம், எழும்பியது. தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆள் எழும்புவதுபோல, முதலில் தலையைத் தூக்கி, பிறகு தோளை நிமிர்த்தி, தென்னை உயரத்துக்கு எழும்பி நின்றது. அதன் தோளில் ஆற்றுவாழை பூத்துக்கிடந்தது. வயிற்றுக்குள் மீன்கள் ஓடுவது வெளிச்சத்தில் தெரிந்தது. முகமென்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது அவளைத்தான் பார்த்தது. கலிமாச் சொன்னவர்கள் சொன்னார்கள். வேலப்போடி, "முருகா!" என்று தலைக்குமேல் கையெடுத்தார். சல்மா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கமீலா ஓரெட்டுப் பின்வாங்கினாள். இவ்வளவு பெரியது தன்முன் நின்று என்ன செய்கிறது? சற்றுப் பொறுத்துத்தான் அவளுக்கு விளங்கியது, அது அவள் சொல்லுக்காகக் காத்து நிற்கிறது.

"வாப்பா, மேல ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க" என்றாள் முதலில். பள்ளத்துக்குள் நின்றவர்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பிறகு ஆற்றை அண்ணாந்து பார்த்தாள். அது அவளை விட எத்தனையோ மடங்கு வயதில் மூத்தது. ஆகவே மரியாதையாகத்தான் சொன்னாள்.

"போங்க."

ஆறு நடந்தது. மணல்மேடு அதன் காலுக்கடியில் பாற்சோறுபோலக் குழைந்தது. அவள் நின்ற இடத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து, போர்வை நுனியைக் கூட நனைக்காமல், இரு பக்கத்தாலும் சுற்றிப் போய்க் கடலில் இறங்கியது. பின்னால் வயல்வெளியின் வெள்ளமெல்லாம் திரண்டு வந்தது. அந்திப்படும்போது நெற்பயிரின் தலைகள் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

ஊர் ஆரவாரித்துக்கொண்டிருக்க, சல்மா உம்மா ஈரமணலில் குந்தியிருந்து அழுதார். "போச்சி. என்ட புள்ளைக்கு வீடு போச்சி" என்று அழுதார். கமீலாவும் பக்கத்தில் இருந்து அழுதாள். தொண்டை வெறுமையாக இருந்தது. உள்ளே இருந்த உயிர் போய்விட்டது.

தண்ணீர் வார்க்கும் நாள் வந்தது. சல்மா உம்மா அப்படியும் போர்வையை எடுத்து மகளை மூடி, வழக்கம் வழுவாமல் கையைப் பிடித்துக் காணிக்குக் கூட்டிப்போனார். குடிப் பெண்களெல்லாம் பின்னால் வந்தார்கள். போர்வை நீங்கியது. கமீலா தன் மண்ணைப் பார்த்துக் குரவை விட்டாள். பாதியிலேயே கம்மி உடைந்துவிட்டது. மண் மண்ணாகவே கிடந்தது. யாரோ ஒருத்தி, "ஐயோ பாவம், வீடில்லாத குமர்" என்று முணுமுணுத்தாள்.

அதுதான் தாமதம், சல்மா உம்மா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினார்.

"ஆருடி அது? என்ட வீட்டக் கண்டிருக்காய்தானே? சூறாவளிக்கு ஓடு விலகாத வீடு. அதுக்குக் குரவை விழவே இல்ல, தெரியுமா?"

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். முனவ்வறா சாச்சிக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கிவிட்டது.

"போர்வைய நீக்கினாங்க. கண்ணத் துறந்தன். மண்ணையா கண்டன்? காணித் தென்னையில, இளநி புடுங்க ஏறின இந்த மனிசனக் கண்டன்!" சல்மா உம்மா வேலியோரம் நின்ற ஆதம்பாவாவைக் கை நீட்டிக் காட்டினார். "விழுந்தது இவருக்கு மேல. வெட்கத்தில ஆருக்கிட்டயும் சொல்லல்ல. சூறாவளி எழும்பேக்க கூரையக் கட்டுங்க எண்டன். அந்தப் பேய்க்காத்துக்குள்ள கரைவலைக் கயித்தோட ஏறினார். கட்டினது குரவையில்லடி, அவர்ட கை."

ஆதம்பாவா தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெல்ல இருமினார். "சல்மா, அண்டைக்கு நான் அந்த மரத்தில என்னத்துக்கு ஏறினன் எண்டு நீ ஒருநாளும் கேக்கல்லியே."

"ஏன்? இளநிக்குத்தானே?"

"அந்தத் தென்னையில இளநியே இருக்கல்ல" என்றார் விதானையார்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தனை காலமும் ஊரை ஆட்டிவைத்த சல்மா உம்மாவின் முகம் செவசெவவென்று சிவந்ததை அன்றைக்குத்தான் எல்லாரும் கண்டார்கள். சமாளித்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

"எனக்கொரு மனிசன் சொல்லுக் கேக்கிறார், வீடு நிக்குது. உனக்கொரு ஆறு கேக்கும். பேந்தென்னத்துக்கு அழுவுறாய்? கிணறெல்லாம் கலங்கிக் கிடக்கு, தலைக்கு வாக்க நல்ல தண்ணியில்ல. கூப்பிடு அத."

கமீலா ஆற்றுப் பக்கம் பார்த்தாள். கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவரோடு கதைப்பதுபோல, "கொஞ்சம் வந்திட்டுப் போறீங்களா?" என்றாள்.

முதலில் வாய்க்காலுக்குள் ஒரு சலசலப்புக் கேட்டது. பிறகு வரம்போரமாக, வேலியோரமாக, யாருடைய வாசலையும் மிதிக்காமல், கண்ணாடிபோல ஒரு தண்ணீர் வந்தது. வந்து காணி எல்லையில் நின்றது. கமீலா தலையசைத்த பிறகுதான் உள்ளே வந்தது. சல்மா உம்மா பிஸ்மி சொல்லிக் குடத்தில் அள்ளி மகளின் தலையில் வார்த்தார். முனவ்வறா சாச்சிதான் முதலில் குரவை விட்டார், பிறகு எல்லாரும் விட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு ஆறு குமரியாட்டம் சிலிர்த்தது.

"காணும் மகள், போதும். அனுப்பு, வட்டைக்குத் தண்ணி வேணும்" என்றார் ஆதம்பாவா.

"போயிட்டு வாங்க" என்றாள் கமீலா. வந்த வழியே ஆறு திரும்பியது. அது நின்ற இடத்தில், ஈர்க்கிலால் அவள் ஒருகாலம் வீடு கீறிய அதே இடத்தில், வெள்ளைவெளேரென்று ஆற்றுமணல் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது.

ஆதம்பாவா குனிந்து ஒரு பிடி அள்ளினார். விரலால் நெருடினார், நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பில்ல சல்மா. வீடு கட்டுற மண்" என்றார்.